மஞ்சக்குப்பம் வீடு: அப்பாவின் எண்பதுக்கு ஐந்து ஸ்பீக்கர்

வெள்ளிக்கிழமை

மாலதி: எல்லோரும் கொஞ்சம் இங்கே பாருங்கள். ஆனியில் அப்பாவுக்கு எண்பது முடிகிறது. காலையில் திருவந்திபுரத்தில் அர்ச்சனை, மதியம் வீட்டில் சாப்பாடு. அது முடிவாகிவிட்டது. பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து என்ன செய்யப் போகிறோம்? அரை பவுனில் மோதிரம் போடலாம் என்று நினைக்கிறேன்.

ரவி: மோதிரம் வேண்டாம் அக்கா. எழுபதுக்குப் போட்டதே பீரோவில்தான் இருக்கிறது.

கவிதா: அண்ணி, மாமாவுக்கு டிவியில் பேசுவது பிடிபடவில்லை. சத்தத்தை 45இல் வைக்கிறார். பாட்டு வந்தால் வீடே அதிர்கிறது, உடனே குறைக்கிறார். மறுபடி பேச்சு கேட்கவில்லை, ஏற்றுகிறார். ஒரு சீரியல் முடிவதற்குள் இருபது தடவை.

சித்தப்பா: சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கதை முழுவதும் தெரியும்.

மாலதி: காது டாக்டரிடம் காட்டினீர்களா?

ரவி: போன மாதமே அழைத்துப் போனேன். வயசுக்கு வருகிற குறைதான் என்றார். கீச்சுச் சத்தம்தான் முதலில் குறையுமாம். அதனால் பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன வார்த்தை என்று தெரியாது. மிஷின் இப்போது வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

மாலதி: என்னிடம் ஒருவரும் சொல்லவில்லையே.

ரவி: குழுவில் போட்டேன் அக்கா. மேலே தள்ளிப் பார்.

மாலதி: குழுவில் போடுவதும் போன் பண்ணிச் சொல்வதும் ஒன்றா ரவி?

செந்தில்: அக்கா, அண்ணா, நான் ஒன்று சொல்கிறேன். ஹோம் தியேட்டர் வாங்குவோம். வீட்டை அலறவிட அல்ல, பேச்சு புரிவதற்காக. இப்போதைய டிவி தட்டையாகிவிட்டதால் ஸ்பீக்கரை அடியிலோ முதுகிலோ வைத்துவிடுகிறார்கள். சத்தம் சுவரிலும் மேசையிலும் பட்டுத்தான் நம்மிடம் வருகிறது. அதில் முதலில் அடிபடுவது பேச்சு. 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். முன்னால் இடது, நடு, வலது. உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. புள்ளிக்குப் பிறகு வரும் 1தான் சப்வூஃபர், அடித்தொனியை, அதாவது பேஸை, மட்டும் தரும் பெட்டி. இதில் அப்பாவுக்கு வேண்டியது அந்த நடு ஸ்பீக்கர். படங்களில் பேசும் குரல் பெரும்பாலும் அதில்தான் வரும். எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். அதில் அந்த ஒன்றை மட்டும் 2, 3 டெசிபல் ஏற்றி வைத்துவிட்டால் பேச்சு எழுந்து நிற்கும், இசை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அருண்: செந்தில் சித்தப்பா 🔥🔥

மாலதி: சீரியலுக்கு எதற்கு ஐந்து பக்கமும் சத்தம்?

செந்தில்: நல்ல கேள்வி அக்கா. சேனல்களில் வருவது பெரும்பாலும் ஸ்டீரியோ, அதாவது இரண்டு பக்கச் சத்தம்தான். ரிசீவரில் டால்பி சரவுண்ட் என்று ஒரு மோடு இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருவதைப் பிரித்து நடுவுக்கு அனுப்பிவிடும். பேச்சு பொதுவாக அப்படித்தான் வருகிறது. ஓடிடியில் பல படங்கள் நேராகவே 5.1இல் கிடைக்கும்.

பண்ருட்டி அத்தை: எண்பது முடிந்து எட்டு மாதம் ஆனால்தானே ஆயிரம் பிறை? ஆனியில் எப்படிச் செய்வீர்கள்?

மாலதி: ஐயரிடம் கேட்டாயிற்று அத்தை.

பண்ருட்டி அத்தை: எந்த ஐயர்?

சித்தப்பா: செந்தில், எத்தனை வாட்? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 10,000 வாட் என்று அட்டையில் போட்டிருந்தான். விலையும் மலிவு.

செந்தில்: சித்தப்பா, அதை மட்டும் நம்பாதீர்கள். அது பி.எம்.பி.ஓ. கணக்கு. கண் மூடித் திறப்பதற்குள் வந்து போகிற உச்சம், அதையும் அவரவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்வார்கள். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி. நம் ஹாலுக்கு ஒரு ஸ்பீக்கருக்கு 50 வாட் ஆர்.எம்.எஸ். இருந்தாலே தாராளம்.

சித்தப்பா: 10,000 எங்கே, 50 எங்கே.

மாலதி: நெய்வேலியில் எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸில் டிவிக்குக் கீழே நீளமாக ஒன்று வைத்திருக்கிறார்கள். அது போதாதா?

செந்தில்: சவுண்ட்பார். தப்பில்லை அக்கா. 3.1 என்று போட்டிருந்தால் அதிலும் நடு ஸ்பீக்கர் உண்டு. ஆனால் ஒன்று பழுதானால் மொத்தமும் போகும். ரிசீவர் என்றால் தனித்தனி. முதலில் முன்னால் மூன்று மட்டும் வாங்கிக்கூட ஆரம்பிக்கலாம், பக்கத்து இரண்டையும் சப்வூஃபரையும் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு 20,000 போட்டால் ஓரளவு நல்லதாகவே வரும். டெனான், யமஹா இரண்டிலும் சின்ன ரிசீவர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் புதுச்சேரியில் கேட்டுப் பார்க்கிறேன்.

ரவி: 20,000 சரி. ஆனால் இது அப்பாவுக்கா, உனக்கா?

செந்தில்: அண்ணா, அப்பாவுக்குத்தான். 31 வருஷம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த மனிதர். நான் எட்டாவது படிக்கும்போது கேபின் ஓட்டை வழியாகப் படம் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவர் போய் டிவி முன்னால் காதைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

கவிதா: எனக்கும்தான் செந்தில்.

சனிக்கிழமை

அருண்: டேப் வைத்து அளந்துவிட்டேன். ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம். டிவி 11 அடிச் சுவரில். சோபா எதிர்ச் சுவரை ஒட்டி இருக்கிறது. டிவியிலிருந்து அப்பா உட்காரும் இடத்துக்கு... மன்னிக்கவும், தாத்தா உட்காரும் இடத்துக்கு 14 அடி.

செந்தில்: 14 ரொம்பத் தூரம் அருண். 43 இஞ்ச் டிவிக்கும் தூரம். சோபாவை முன்னால் இழுத்து டிவியிலிருந்து 9 அடியில் போட்டால், முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவிலும் 9 அடி விடலாம். முக்கோணத்தின் மூன்று பக்கமும் கிட்டத்தட்டச் சமம். அந்தக் கோணத்தில்தான் குரலும் இசையும் இடம் பிடித்து நிற்கும். பக்கத்து ஸ்பீக்கர் இரண்டும் தாத்தாவின் காதுக்கு நேர் பக்கத்தில் இருந்து கொஞ்சம் பின்னால் தள்ளி, காதைவிட ஓரிரு அடி உயரத்தில். சோபாவைச் சுவரோடு ஒட்டவே கூடாது.

கவிதா: செந்தில், 9 அடியில் உங்கள் அம்மாவின் ஊஞ்சல் இருக்கிறது.

அருண்: வலது பக்கச் சங்கிலி சரியாக டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் வருகிறது.

செந்தில்: ஊஞ்சலைக் கழற்றி மாடியில் போட முடியுமா?

மாலதி: அம்மா பிறந்த வீட்டிலிருந்து வந்த ஊஞ்சல் அது. யோசித்துப் பேசு.

சித்தப்பா: பாகம் பிரித்தபோது உங்கள் சித்தி அதைத்தான் கேட்டாள். கடைசியில் எங்களுக்கு வந்தது அம்மிக்கல்.

ரவி: சித்தப்பா, அது முடிந்த கதை.

சித்தப்பா: நான் குறையாகச் சொல்லவில்லை. அம்மிக்கல்லும் நன்றாகத்தான் அரைக்கிறது.

பண்ருட்டி அத்தை: பலாப்பழம் ஒன்று பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். யாராவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் பழுத்துவிடும்.

கவிதா: சரி அத்தை, அருண் வருவான்.

ரவி: வயருக்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயர் போதுமா என்கிறார்.

செந்தில்: தாராளமாகப் போதும். நம் தூரத்துக்கு 16 கேஜே சரி, ஒன்றரை அதைவிடக் கொஞ்சம் தடிமன். செம்புதானா என்று பார்க்கச் சொல்லுங்கள், அலுமினியத்துக்குச் செம்பு பூசியதும் விற்கிறார்கள். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒரு ஸ்பீக்கருக்கு மாறிவிட்டால்கூட இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போய்விடும். நமக்குத் தேவனாம்பட்டினம் கடல் காற்று வேறு இருக்கிறது. முனையைத் திறந்து வைத்தால் செம்பு பச்சையாகிவிடும். வயர் முனையில் மாட்டும் பனானா பின் போட்டு இறுக்கச் சொல்லுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைத்தால் போதும்.

ரவி: அப்புறம் பிளக் பாயின்ட். 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கோடு இன்னும் இருக்கிறது. பெஞ்சல் புயலுக்கு அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் வருகிறது என்றபோதும் டிவியைத்தான் முதலில் மேலே தூக்கினோம். ரிசீவரைத் தரையோரம் வைக்கவே மாட்டேன்.

செந்தில்: அது சரிதான் அண்ணா. நல்ல பொருளைத் தண்ணீரில் விட்டுவிட்டு எடைக்குப் போட்டது ஒரு தடவை போதும்.

ரவி: எதைச் சொல்கிறாய்?

செந்தில்: அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயர்.

ரவி: அன்றைக்கு நீ லாஸ்பேட்டையில் இருந்தாய் செந்தில். முழங்கால் சேற்றை அள்ளியது நானும் கவிதாவும். அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். ஆம்ப்ளிஃபயரைத் தூக்க எனக்கு மூன்றாவது கை இல்லை.

மாலதி: போதும் இரண்டு பேரும்.

அருண்: எச்டிஎம்ஐ கேபிள் எத்தனை வேண்டும்?

செந்தில்: ஒன்று போதும் அருண். டிவி பின்னால் ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளை ஒன்று இருக்கும், அதிலிருந்து ரிசீவருக்கு. டிவிக்கு வரும் எல்லாச் சத்தமும் அதே கேபிளில் திரும்பிப் போய்விடும். சி.இ.சி.யை ஆன் செய்தால் டிவி ரிமோட்டிலேயே ரிசீவரின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கலாம். தாத்தாவுக்குப் புது ரிமோட் பழக வேண்டியதில்லை.

சித்தப்பா: அந்தச் சப்வூஃபர் எங்கே வரும்? என் சுவரில் சாய்த்தால் நான் தூங்க முடியாது.

செந்தில்: மூலையில் வைத்தால் பேஸ் பெருகி உறுமும் சித்தப்பா, அதனால் உங்கள் மூலையில் வைக்க மாட்டோம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி அப்பா உட்காரும் சோபாவில் வைத்து, பேஸ் உள்ள பாட்டைப் போட்டு, நாம் சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டும். எங்கே உறுமாமல் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைக்கலாம். அடியில் ரப்பர் மேட். ராத்திரி 9 மணிக்கு மேல் பெரிய சத்தத்தைத் தணிக்கும் நைட் மோடு.

அருண்: தவழ்வது நான் 🙋

சித்தப்பா: 9 மணி எழுத்தில் வேண்டும்.

செந்தில்: கடைசியாக ரிசீவரோடு வரும் சின்ன மைக்கைத் தாத்தாவின் காது உயரத்தில் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் அளக்க வேண்டும். கையில் பிடிக்கக் கூடாது, ஸ்டாண்டில் நிற்க வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் ஃபேன், மிக்ஸி, பேச்சு எதுவும் கூடாது.

கவிதா: இந்த வீட்டிலா?

கவிதா: மாமா சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

"செந்திலுக்கு. நடு ஸ்பீக்கர் எங்களுக்குப் புதுசு இல்லை. தியேட்டர் திரையில் ஊசி ஊசியாய் ஓட்டை இருக்கும். கீழே உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் நிற்கும். பேசுகிறவன் வாயிலிருந்தே குரல் வர வேண்டும் என்றுதான் அந்த ஓட்டை. டிவியில் ஓட்டை போட முடியாது. அதனால் நடு ஸ்பீக்கரை டிவிக்கு அடியில் ஒட்டி வை, முகத்தை என் காதைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்த்து.

"இன்னொன்று. ஹவுஸ்ஃபுல் ஆட்டத்துக்கு ஒரு சத்தம் வைப்பேன், மதிய ஆட்டத்துக்கு ஐம்பது பேர் இருந்தால் ஒரு சத்தம். ஆள் உடம்பு சத்தத்தைக் குடிக்கும். காலி ஹாலில் அதே சத்தம் சுவருக்குச் சுவர் அடித்துப் பேச்சைக் கெடுக்கும். நம் ஹாலில் மொசைக் தரை, மொட்டைச் சுவர். பரண் மேல் இருக்கும் பெரிய ஜமுக்காளத்தை விரியுங்கள். ஜன்னலுக்குக் கனமான துணியில் திரை போடுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு குறை இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெட்டி வாங்கு.

"ஆம்ப்ளிஃபயரை எடைக்குப் போடச் சொன்னது நான். டிரான்ஸ்ஃபார்மருக்குள் சேறு போய்விட்டது. ரவி இரண்டு நாள் வெயிலில் காய வைத்துப் பார்த்தான்."

அருண்: ❤️

மாலதி: 🙏

செந்தில்: அண்ணா, எனக்குத் தெரியாது.

ரவி: சரி விடு. ஞாயிறு கடைக்கு நானும் வருகிறேன். 9 மணிக்குப் பஸ் ஏறுகிறேன்.

செந்தில்: வாருங்கள். அண்ணியையும் அழைத்து வாருங்கள். அப்பா அடிக்கடி பார்க்கும் ஏதாவது ஒன்றைப் போனில் ஏற்றி வாருங்கள், அதைப் போட்டுத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரர் போடும் சண்டைக் காட்சியில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

கவிதா: ஜமுக்காளத்தை இறக்கிவிட்டோம். ஒரு ஓரத்தில் எலி கடித்திருக்கிறது. விரித்துப் போட்டு மாமா கைதட்டிப் பார்த்தார். நேற்றைக்கு இது எவ்வளவோ பரவாயில்லை என்கிறார்.

மாலதி: அப்படியானால் மோதிரத்துக்கே போகலாமா?

ரவி: அக்கா.

மாலதி: கேட்டேன், அவ்வளவுதான். என் 20,000 திங்கட்கிழமை வரும்.

செந்தில்: ஊஞ்சல்?

கவிதா: உங்கள் அம்மாவிடம் கேட்டேன். பகலில் நான் ஆடுவேன், சாயந்திரம் வேண்டுமானால் சங்கிலியை ஓரமாகக் கட்டிக்கொள்ளுங்கள், கழற்றக் கூடாது என்கிறார்.

அருண்: கட்டினால் வலது ஸ்பீக்கர் வரும் இடத்தில் பலகை இடிக்கும். இப்போதுதான் பிடித்துப் பார்த்தேன்.

செந்தில்: இடது பக்கமாகக் கட்டினால்?

அருண்: அங்கே பூஜை அறைக் கதவு.

சித்தப்பா: ஊஞ்சல் எங்கள் பக்கம் வந்தால் ஆட்சேபம் இல்லை.

ரவி: ஞாயிறு வந்து நேரில் பார்க்கலாம்.

பண்ருட்டி அத்தை: பலாப்பழம் பத்தரை மணி பண்ருட்டி பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால். அப்போது ஆனியா மாசியா, யாரும் பதில் சொல்லவில்லை.