பயிற்சி முடிந்து வேலைக்குத் திரும்பியபின் என்ன மாறியது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மாவட்ட நன்னடத்தை அலுவலராக இருக்கிறேன். குற்றம் செய்தவர்களைத் திருத்தி மறுவாழ்வுக்குக் கொண்டுவருவது பற்றிய பயிற்சிக்குத் துறையில் அனுப்பினார்கள். போய் வந்ததைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 4ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்ட இளைஞர்கள். கண்காணிப்பு உத்தரவு என்றால் குறைந்தது ஓர் ஆண்டு. வந்தால் வழக்கமாக என்ன கேட்போம்? அதே முகவரிதானா, வேலைக்குப் போகிறாயா, புதுசா கேஸ் எதுவும் இல்லையே, சரி, கையெழுத்துப் போடு, அவ்வளவுதான். பயிற்சி முதல் நாளே இந்தப் பேச்சைத்தான் கையில் எடுத்தது. நிபந்தனைகளைச் சரிபார்ப்பதிலேயே நேரம் போய்விட்டால், அவனைக் குற்றத்துக்குத் தள்ளிய விஷயத்தை யாரும் தொடுவதே இல்லை. 1990இல் ஆண்ட்ரூஸ், போன்டா, ஹோஜ் என்ற கனடா உளவியலாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரைதான் இந்தப் பயிற்சிக்கு அடிப்படை. மறுபடி தப்பு செய்யும் வாய்ப்பு யாருக்கு அதிகமோ அவருக்கு அதிக நேரம் கொடு, குற்றத்தோடு ஒட்டிய தேவையைப் பிடி, ஆளுக்கு ஏற்ற மாதிரிப் பேசு. கேட்கச் சுலபமாக இருக்கிறது, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்போதுதான் கஷ்டம் தெரியும்.

பைக் திருட்டு வழக்கில் வந்த பையன், வயது இருபதுக்குள், மெக்கானிக் ஷெட்டில் வேலை. "போன சனிக்கிழமை சாயங்காலம் என்ன நடந்துச்சு தம்பி, மொதல்ல இருந்து சொல்லு" என்றேன். "ஃபிரெண்ட்ஸ் கூப்பிட்டாங்க மேடம், போனேன்." கூப்பிட்டதும் மனசில் என்ன ஓடியது என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் பதில் இல்லை. நானும் குறுக்கே பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "போகலைன்னா, கேஸுக்கப்புறம் இவன் பயந்துட்டான்னு பேசுவாங்க மேடம்." வேலை கிடைத்தால் திருந்திவிடுவான் என்றுதான் கோப்பில் எழுதியிருந்தது. வேலை ஏற்கனவே இருந்தது, பிரச்சினை அந்த ஒரு நினைப்பில் இருந்தது. ஒரு தாளில் கட்டம் போட்டு நடந்தது, நினைத்தது, செய்தது, விளைந்தது என்று அவனையே எழுத வைத்தேன். வேறென்ன நினைக்கலாம், என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று கேட்டபோது, "ஓனர் நைட்டு டெலிவரின்னு சொல்லிட்டாருன்னு சொன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்று அவனே வழி சொன்னான். நான் நண்பனாக நடிக்க, அவன் மறுத்துப் பார்த்தான். முதலில் வெட்கப்பட்டான், போகப் போக நன்றாகவே செய்தான். இடையில் சில வாரம் வராமலும் இருந்திருக்கிறான், ஆனால் இன்னும் வருகிறான், பேசுகிறான்.

என் ஆதங்கம் வேறு. பயிற்சியில் ஒரு கனடா ஆய்வைச் சொன்னார்கள், 2011இல் வெளிவந்தது. மூன்று மாகாணங்களில் 80 நன்னடத்தை அலுவலர்களைக் குலுக்கல் போலப் பிரித்துப் பாதிக்குமேல் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு ஆண்டில் மறுபடி குற்றத்தில் விழுந்தவர்கள், பயிற்சி பெற்றவர்களின் பொறுப்பில் இருந்தவர்களிடையே சுமார் 25 சதவீதம், மற்றவர்களிடையே சுமார் 40. ஆனால் அங்கே மூன்று நாள் வகுப்போடு விடவில்லை. மாதாமாதம் கூடினார்கள், அலுவலர் பேசியதைப் பதிவு செய்து, கேட்டு, எங்கே சரி எங்கே தவறு என்று சொன்னார்கள், ஓராண்டு கழித்து மறுபயிற்சியும் வைத்தார்கள். நமக்குச் சான்றிதழோடு முடிந்துவிடுகிறது. நான் அந்தப் பையனிடம் கேட்டது சரியான கேள்விதானா என்று சொல்ல இன்றுவரை ஆள் இல்லை. வேலூரில் 1979 முதல் தென் மாநிலங்களுக்குப் பொதுவான சிறைத்துறைப் பயிற்சி நிலையம் இருக்கிறது, அங்கிருந்தே இந்தத் தொடர் கவனிப்பைச் செய்யலாமே.

*

மேடம், நான் சிறையிலிருந்து விடுதலையானவர்களுக்கு உதவும் ஒரு அமைப்பில் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன "அதிக வாய்ப்புள்ளவருக்கு அதிக நேரம்" என்பதற்கு மறுபக்கமும் இருக்கிறது. வரப்புத் தகராறில் நடந்த கொலைக்கு ஆயுள் தண்டனை, நன்னடத்தையில் முன்விடுதலை, வயது அறுபதைத் தாண்டிய ஒருவர் எங்களிடம் வந்தார். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வழக்கு கிடையாது. அவரையும் பழைய திருட்டு வழக்கு ஆட்களோடு ஒரே குழு ஆலோசனையில் உட்கார வைத்தோம், வாராவாரம் கூலி போனது. அய்யா ஒரு நாள் கேட்டார்: "எனக்கு ரேஷன் கார்டுல பேர் சேத்துக் குடுங்க தம்பி, இங்க உக்காந்து நான் என்ன கத்துக்கப் போறேன்?" அவர் சொன்னதுதான் சரி. வாய்ப்புக் குறைந்தவரை இப்படி இழுத்துப் போட்டால் கெடுதல்கூட வரலாம் என்று பயிற்சியில் கேட்டபோது இவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. இப்போது எங்கள் அமைப்பில் முதலில் மதிப்பீடு, பிறகுதான் குழு. அவருக்கு ஆதார், ரேஷன், முதியோர் பென்ஷன் விண்ணப்பம், அதோடு சரி.

*

நான் சிறைக்காவலர். இந்தப் பயிற்சி எல்லாம் நல அலுவலர், நன்னடத்தை அலுவலர் மட்டத்தில் நின்றுவிடுகிறது. சிறைவாசியை நாள் முழுக்கப் பார்ப்பது நாங்கள். யாருக்கு மனு பார்க்க, அதாவது சிறைக்கு வந்து சந்திக்க, ஆள் வருகிறது, யாருக்கு வருடக்கணக்காக வரவில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். விடுதலைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒருவர் சரியாகச் சாப்பிடவில்லை. எல்லோரும் சந்தோஷத்தில் என்று நினைத்தார்கள். பேச்சுக் கொடுத்தேன். "வெளிய போனா எங்க போறதுன்னு தெரியல சார், அண்ணன் வீட்டுல சேக்க மாட்டாங்க" என்றார். நல அலுவலரிடம் சொன்னேன். அவர் அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசி, கடைசியில் அக்கா வீட்டில் தங்க ஏற்பாடானது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம் சார், எதைக் கவனிக்கணும், கவனித்ததை யாரிடம் எப்படி எழுதிக் கொடுக்கணும் என்று எங்களுக்கும் ஒரு நாள் சொல்லிக் கொடுத்தால் போதும். மேடம், அந்த நாலு கட்டத் தாளை இங்கே போட முடியுமா? எங்கள் பிளாக்கில் இளவயசுப் பசங்க நிறைய இருக்கிறார்கள்.