அப்பிள் கிரிஸ்ப், கிரம்பிள், இலையுதிர்கால இனிப்புகள்: உங்களுக்குச் சொல்லித் தந்தவர் யார்?

ஸ்கார்பரோ, ஒன்ராறியோ

வணக்கம் உறவுகளே. செப்டெம்பர் பிறந்தால் எங்கட பக்கத்துக் குடும்பங்கள் காரை எடுத்துக்கொண்டு அப்பிள் தோட்டங்களுக்குப் போகத் தொடங்கிவிடும். மரத்தில் கைவைத்துப் பறிப்பதே பிள்ளையளுக்குப் பெரிய சந்தோசம். பிறகு வீட்டில் பை பையாய் அப்பிள் கிடக்கும். பச்சையாய் எவ்வளவுதான் சாப்பிடுவது? அப்படித்தான் அப்பிள் கிரிஸ்ப், அதாவது பழத்துண்டுகளுக்கு மேல் ஓட்ஸும் மாவும் பட்டரும் பிசறித் தூவி ஓவனில் வேகவைக்கிற இனிப்பு, எங்கள் வீட்டுக்குள் வந்தது. இதை எனக்கு விளங்கப்படுத்தின ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படி யாரும் இருந்தால் கீழே எழுதுங்கோ.

ஜோர்ஜியன் விரிகுடாக் கரையில், மீஃபோர்ட் பக்கம், ரோட்டோரமாய் ஒரு பழக்கடை. ஒக்டோபர் கடைசி, நல்ல குளிர். விற்றுக்கொண்டிருந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் மக்கின்டோஷ் என்கிற அப்பிள் இனத்தின் பெட்டியில் கைவைத்ததும், "என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டா. ஓவனில் வைக்க என்றேன். "அப்ப அது மட்டும் காணாது" என்று சொல்லி, பக்கத்துப் பெட்டியிலிருந்து சிவப்புக் கோடு போட்ட, கொஞ்சம் கோணலான பழங்களை அள்ளி என் பையில் போட்டா. அதுதான் நோர்தர்ன் ஸ்பை. இங்கே அது கடைசியாய்ப் பழுக்கிற இனங்களில் ஒன்று.

மக்கின்டோஷ் இந்த மாகாணத்திலேயே பிறந்த பழம். 1811இல் டன்டெலாவில் ஜோன் மக்கின்டோஷ் தன் காணியைத் துப்புரவாக்கும்போது கண்ட கன்றிலிருந்து வந்தது. இன்றைக்குள்ள மக்கின்டோஷ் மரங்கள் எல்லாம் அந்த ஒற்றை மரத்தின் வழியில் ஒட்டுக்கட்டி வந்தவை. மணம் சொல்லி வேலையில்லை. ஆனால் சூடு பட்டால் கரைந்து கூழாகிவிடும். நோர்தர்ன் ஸ்பை அப்படியில்லை. நல்ல புளிப்பு, வெந்த பிறகும் துண்டு துண்டாகவே நிற்கும். இரண்டையும் பாதிக்குப் பாதி போட்டால் ஒன்று சாறாகி மற்றதைச் சுற்றிப் பிடிக்கும். அந்த மரம் ஒழுங்காய்க் காய்க்கப் பத்து வருசத்துக்கு மேலும் போகுமாம். அதனால் இப்ப புதிதாய் நடுகிற ஆட்கள் குறைவு என்று அவ கவலையோடு சொன்னா. எனக்கும் அது கவலைதான். கடையில் வருசம் முழுக்கக் கிடைக்கிற பழங்களை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் இப்படியான இனங்களை ஆர் வளர்ப்பினம்?

அளவு கேட்பீங்கள். ஒன்பது அங்குலச் சதுரக் கண்ணாடித் தட்டுக்கு ஒன்றேகால் கிலோ அப்பிள். தோல் சீவி, விரல் தடிப்பில் வெட்டி, கால் கப் சீனி, ஒரு மேசைக்கரண்டி சோளமா (கோர்ன்ஃப்ளவர்), ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சம்புளி, ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள் போட்டுப் பிரட்டுங்கோ. மேலுக்கு ஒரு கப் ஓட்ஸ், முக்கால் கப் கோதுமை மா, முக்கால் கப் பிரவுண் சுகர், அரைக் கப் பட்டர், ஒரு சிட்டிகை உப்பு. இதைக் கையால் உதிரியாய்ப் பிசறி, பழத்தின் மேல் அழுத்தாமல் தூவுங்கோ. 375 ஃபரனைட், அதாவது 190 செல்சியஸில் முக்கால் மணித்தியாலம் அளவில். சடக்கென்று சமைகிற ஓட்ஸ் வேண்டாம், அது மாவாய்ப் போகும். முழுதாய்த் தட்டின பெரிய ஓட்ஸ்தான் மொறுமொறுப்புத் தரும்.

அந்த அம்மா சொன்ன இன்னொன்றை நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருப்பேன்: மேலே நிறம் வந்ததைப் பார்த்து எடுக்காதேங்கோ, ஓரத்தைப் பாருங்கோ. ஓரத்தில் சாறு தடித்து, மெதுவாய்க் குமிழி விட வேணும். சோளமா தடிக்கிறதுக்குக் கொதிநிலைக்குக் கிட்டப் போக வேணும். அதுக்கு முதல் எடுத்தால் அடியில் தண்ணியாய்த்தான் நிற்கும். மேல் கருகப் பார்த்தால் அலுமினியத் தாளால் மூடிவிட்டுத் தொடருங்கோ. எடுத்த பிறகும் இருபது நிமிசம் ஆறவிட்டால்தான் இறுகும்.

இன்னும் ஒரு விசயம். இதில் முட்டை இல்லை. எங்கட அம்மா புரட்டாசிச் சனி பிடிக்கிறவ. கேக் என்றால் தொடமாட்டா, இதை ஆறுதலாய்ச் சாப்பிடுவா. ஒக்டோபர் இரண்டாவது திங்கள் இங்கே நன்றியறிதல் நாள், நவராத்திரியும் அநேகமாய் அதையொட்டித்தான் வரும். எங்கள் வீட்டில் கொலுவுக்கு வாற ஆட்களுக்கும் இதுதான். கறுவாவை மட்டும் தமிழ்க்கடையில் பட்டையாய் வாங்கி இடித்துப் போடுங்கோ. இங்கே போத்தலில் தூளாய் வருவது பெரும்பாலும் கசியா என்கிற வேறு இனப் பட்டை, காரம் கூட. இலங்கைக் கறுவா பழத்தின் மணத்தை மூடாது.

பிளிமத் கவுண்டி, மாசசூசெட்ஸ்

நல்ல தலைப்பு. நாங்க இருக்கிறது க்ரான்பெரி விளையுற இடம். கார்வர், வேர்ஹம் பக்கம் அக்டோபர்ல போனா வயலை எல்லாம் தண்ணி விட்டு நிரப்பி, பழம் மொத்தமும் மேல மிதந்து, கண்ணுக்கு எட்டுற வரைக்கும் சிவப்பா இருக்கும். தண்ணியிலயே வளருதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. அது தரையில படர்ற கொடி, அறுவடைக்குத்தான் தண்ணி விடுறாங்க. பழத்துக்குள்ள நாலு காற்றறை இருக்கு, அதனால மிதக்குது.

இதைச் சொல்லித் தந்தவர் எங்க தெருவில் இருக்குற பெரியவர். வாலிப வயசுல இருந்து அந்த வயல்கள்லயே வேலை செஞ்சவர். ஒரு நாள் பை நிறைய பழம் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்ததோட போகாம, வாசப்படியில ஒரு கைப்பிடி உருட்டிவிட்டு, "குதிக்குதா பாருங்க. குதிக்கிறது நல்ல பழம், விழுந்த இடத்துலயே கிடக்கிறது அழுகல்"ன்னு காட்டினார். என் பொண்ணு மிச்சப் பழம் முழுக்கவும் அப்படியே சோதிச்சுட்டுத்தான் உள்ள கொண்டுவந்தா.

அவர் மனைவி செய்யறது பேரிக்காயும் க்ரான்பெரியும் கலந்த கிரிஸ்ப். நான் இப்ப அதையேதான் செய்யறேன். போஸ்க்னு ஒரு பேரிக்காய் இருக்கு, பழுப்புத் தோல், நீளக் கழுத்து. வெந்தாலும் உருக்குலையாது. பேரிக்காய் உள்ளிருந்து வெளியே பழுக்கும், அதனால காம்புப் பக்கம் லேசா அமுக்கிப் பார்த்து, கொஞ்சம் இணங்கினா உடனே எடுத்துடுங்க. நடுவுல அமுங்குற வரை காத்திருந்தா உள்ள மாவா போயிருக்கும். க்ரான்பெரியில பெக்டின் அதிகம், தானே இறுகும், சோளமாவு பாதி போதும். ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டா அருமையா இருக்கும்.

நெல்லிக்காய் தின்னு வளர்ந்த நாக்குக்கு அந்தப் புளிப்பு ரொம்பப் பிடிக்குது. மிச்சப் பழத்துல தொக்கு போட்டு அந்தப் பெரியவருக்கும் ஒரு பாட்டில் கொடுத்தேன். சாண்ட்விச்ல தடவிச் சாப்பிடுறாராம்.

எடிசன், நியூஜெர்சி

பட்டரை உருக்கி ஊத்தலாமா, குளிரக் குளிரப் போடணுமா? ஒவ்வொருத்தர் ஒண்ணு சொல்றாங்க.

பிளிமத் கவுண்டி, மாசசூசெட்ஸ்

ரெண்டும் சரிதான். குளிர்ந்த பட்டர்னா உதிரி உதிரியா பெரிய கட்டிகளோட வரும். உருக்கினதுன்னா ஒரே சீரா, கிரானோலா பக்குவத்துல வரும், வேலையும் சுலபம். எனக்குக் குளிர்ந்ததுதான்.

நாட்டிங்காம்ஷயர், இங்கிலாந்து

நான் நாகர்கோவில்காரி, இங்க ஒரு முதியோர் இல்லத்துல நர்ஸ். இங்க கிரிஸ்ப் இல்ல, கிரம்பிள். ஓட்ஸ் கட்டாயமில்ல. மாவு, பட்டர், சர்க்கரை மூணும்தான்.

எங்க இல்லத்துல இருந்த ஒரு பாட்டி ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துல சின்னப் பிள்ளை. 1940 ஜனவரியில ரேஷன் தொடங்கி 1954 வரைக்கும் இங்க இருந்துச்சு. பட்டரும் சர்க்கரையும் அளந்துதான் கிடைக்கும். பைங்கிற (pie) மாவு மூடின பழ இனிப்பு செய்யணும்னா அடிக்கும் மேலுக்கும் மாவு விரிக்கணும், கொழுப்பு நிறையப் பிடிக்கும். கிரம்பிள்னா மேல கொஞ்சம் தூவுனா போதும், மார்கரின்லயும் வரும். அவங்க அம்மா வாரம் தவறாம செய்வாங்களாம். அதைச் சொல்றப்போ பஞ்சத்தைச் சொல்ற குரலே இல்ல, விருந்தைச் சொல்ற குரல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவங்க சக்கர நாற்காலியை அடுப்படிக்கே தள்ளிட்டுப் போனேன். நான் செய்ய, அவங்க சொல்லச் சொல்ல. "உள்ளங்கை படக்கூடாது, விரல்நுனி மட்டும்"னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. உள்ளங்கைச் சூட்டுல பட்டர் உருகிடும். புட்டுக்கு மாவு பிசறிப் பழகின கை இருந்தா இது தானா வரும். என் கையைப் பார்த்துட்டு, "இதை உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"ன்னு கேட்டாங்க. எங்க அம்மைன்னு சொன்னேன்.

பழம் பிராம்லிங்கிற ஆப்பிள். அது இந்த ஊருப் பக்கத்துப் பழம். 1809ல சவுத்வெல்ல மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டுங்கிற சிறுமி ஊனின விதை. பிறகு அந்த வீட்டை வாங்கின கசாப்புக்காரர் மாத்யூ பிராம்லி, அவர் பேருதான் பழத்துக்கு நிலைச்சுது. விதை போட்ட பிள்ளை பேரை வைக்கலையேன்னு பாட்டிக்கு அத்தனை வருஷம் கழிச்சும் கோபம். எனக்கும் அவங்க பக்கம்தான் நியாயம் தெரியுது. பச்சையாக் கடிக்க முடியாத புளிப்பு. ஆனா வெந்தா பஞ்சு பஞ்சா பொங்கி வரும். துண்டா நிக்கணும்னு இங்க யாரும் எதிர்பார்க்கிறது இல்ல, கரையறதுதான் அதோட அழகு. கால்வாய்க் கரையில கிடைக்கிற பிளாக்பெர்ரி ரெண்டு கைப்பிடி சேர்த்தா நிறமும் வரும். செப்டம்பர் 29, மிக்கேல் திருநாளுக்கு அப்புறம் அதைப் பறிக்கக் கூடாதுன்னு பாட்டி சொல்வாங்க. சாத்தான் துப்பிட்டுப் போயிடுவானாம். பனி ஏறின பிறகு பழம் உண்மையிலேயே சப்பென்று ஆகிடுது.

மேல ஊத்த சூடான கஸ்டர்ட். முட்டை சாப்பிடாதவங்க பயப்பட வேண்டாம். கஸ்டர்ட் பவுடர்ல முட்டை கிடையாது. 1837ல பர்மிங்காம்ல ஆல்ஃபிரட் பேர்டு, முட்டை ஒத்துக்காத தன் மனைவிக்காகச் சோளமாவுல உண்டாக்கினது அது.

பாட்டி இப்ப இல்ல. இல்லத்துல கிரம்பிள் நாள்னா சமையல்காரர் இன்னும் என்னைத்தான் மாவு பிசறக் கூப்பிடுறார்.

ஆக்ஸ்பூர்க், ஜெர்மனி

இங்கே செப்டெம்பர் என்றால் அப்பிளுக்கு முதல் சுவெட்ச்கன் பிளம்ஸ். நீளமாய், கருநீலமாய், மேலே சாம்பல் பூத்திருக்கும். சாறு குறைவு, கொட்டை சுலபமாய்க் கழன்று வரும், அதனால் ஓவனுக்கென்றே வந்த பழம் என்று சொல்லலாம். எங்கட நகரத்துக்கு டாட்ஷிபூர்க் என்று பட்டப்பெயரே உண்டு. டாட்ஷி என்பது இந்தப் பிளம்ஸ் அடுக்கின தட்டை இனிப்பு.

கீழ்வீட்டு அம்மாவிடம் நான் வந்த புதிதில் டொச் (ஜெர்மன் மொழி) படிக்கப் போவேன். பாடத்தைவிட அவவின் அடுப்படியில் படித்ததுதான் கூட. பழத்தைப் பிளந்து, முழுதாய் வெட்டாமல் விரித்து, மாவின் மேல் நிமிர்த்தி நெருக்கமாய் அடுக்க வேணும். இடைவெளி விட்டால் விடமாட்டா, திருப்பி அடுக்கச் சொல்லுவா. சீனியை வேக முதல் போடவே கூடாது. போட்டால் சாறு இழுத்து அடி நனைந்துவிடும். வெளியே எடுத்த பிறகு, சூட்டோடு, கறுவாவும் சீனியும் கலந்து தூவ வேணும். மேலே ஸ்ட்ரொய்சல் என்கிற மா, பட்டர், சீனி பிசறின உதிரி போடலாமா என்பதில் இங்கே வீட்டுக்கு வீடு சண்டை. அவ போடமாட்டா. நான் போடுவேன், பிள்ளையளுக்கு அதுதான் விருப்பம்.

கோவை

எங்களுக்கு இலையுதிர்காலமும் இல்ல, பெரிய ஓவனும் இல்ல. ஓடிஜின்னு சின்ன மேசை ஓவன்தான் இருக்கு. காஷ்மீர் ஆப்பிள் இப்ப வண்டி வண்டியா வருது. அதுல செய்யலாமா? பிரவுன் சுகருக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போடலாமா? மேல்மாவை முன்னாடியே செஞ்சு வைக்க முடியுமா? வேலைக்குப் போறவ, ஞாயிறு மட்டும்தான் நேரம்.

ஸ்கார்பரோ, ஒன்ராறியோ

தாராளமாய்ச் செய்யலாம் தங்கச்சி. அங்கே வாற டெலிசியஸ் வகைகளில் இனிப்புத்தான், புளிப்புக் காணாது. பழத்துக்குப் போடுகிற சீனியைப் பாதியாக்கி, எலுமிச்சம்புளியை இரண்டு கரண்டியாய்க் கூட்டுங்கோ. பச்சை கிரானி ஸ்மித் கிடைத்தால் ஒன்றிரண்டு கலந்தால் திறம். கொடைக்கானல் பேரிக்காயும் கடினமாய்த்தான் இருக்கும், மெல்லிசாய் வெட்டினால் நல்லாய் வேகும். நாட்டுச்சர்க்கரை நூறு வீதம் பொருந்தும். கட்டி இல்லாமல் சலித்துப் போடுங்கோ, அதிலே ஈரம் கொஞ்சம் கூட என்றபடியால் ஒரு கரண்டி மா கூட்டினால் சரி.

ஓடிஜியில் மேல்கம்பி கிட்ட இருக்கும், கெதியாய்க் கருக்கும். தட்டைக் கீழ்ப்படியில் வைத்து 180 செல்சியஸில் கீழ்க்கம்பியை மட்டும் போட்டு வேகவிடுங்கோ. ஓரம் குமிழி விட்ட பிறகு கடைசி ஐந்து பத்து நிமிசத்துக்கு மேல்கம்பியையும் போடலாம். பெரிய தட்டைவிடச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் அதுக்கு வசதி.

மேல்மாவைப் பிசறி, பையில் கட்டி ஃப்ரீஸரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் இருக்கும். உருகவிட வேண்டாம், குளிர்ந்தபடியே உதிர்த்துப் பழத்தின் மேல் தூவுங்கோ, ஐந்து நிமிசம் அளவில் கூடுதலாய் எடுக்கும். செய்து மிஞ்சினதை மைக்ரோவேவில் சூடாக்காதேங்கோ, மொறுமொறுப்புப் போய்விடும். ஓடிஜியிலேயே பத்து நிமிசம் வையுங்கோ.