ஜெனெடிக் கவுன்சலிங் படிக்க ஆசை, ஆனால் என் தம்பிக்கே டூஷென் இருக்கிறது

மழைக்குருவி:
பயோடெக்னாலஜி இளங்கலை கடைசி வருடம் படிக்கிறேன். அடுத்து ஜெனெடிக் கவுன்சலிங்கில், அதாவது பரம்பரை நோய்கள் பற்றிக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்கிற படிப்பில், முதுகலை சேரலாம் என்று இருக்கிறேன். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், என் தம்பிக்கு டூஷென் தசைச் சிதைவு நோய். ரிப்போர்ட் வந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்கிட்ட இருந்துதான் வந்ததா?" எதிரில் இருந்த கவுன்சலர் உடனே பதில் சொல்லவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, அம்மா அழுது முடிக்கும்வரை சும்மா இருந்தார், அப்புறம்தான் எக்ஸ் குரோமோசோம் பற்றிப் பேசினார். இந்த வேலைதான் எனக்கு என்று அன்றே தோன்றிவிட்டது.

வீட்டிலேயே நோய் இருக்கிற ஒருத்தி இதற்குச் சரிப்படுவாளா? நேர்காணலில் தம்பியைப் பற்றிச் சொல்லலாமா? மரபியலில் நல்ல மதிப்பெண் வாங்குவேன், ஆனால் புது ஆட்களிடம் பேச்சே வராது.

வேப்பநிழல்:
ஒன்பது வருடமாகப் புற்றுநோய் மரபியல் பிரிவில் கவுன்சலராக இருக்கிறேன். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போதே தொண்டை அடைத்துப் பேச முடியாமல் போகிறது என்றால் ஒரு வருடம் பொறுத்து விண்ணப்பியுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பயிற்சியின்போது எதிரில் உட்காருகிற ஒவ்வொரு தாயும் உங்கள் அம்மாவாகத் தெரிவார். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல், அன்று உங்கள் அம்மாவுக்கு வேண்டியிருந்ததை இவருக்குச் செய்துவிடுவீர்கள். எனக்கும் அப்படி நடந்திருக்கிறது, என் மேற்பார்வையாளர் சொன்ன பிறகுதான் உறைத்தது.

இன்னொன்று, இதை நீங்கள் யோசித்தீர்களா என்று தெரியவில்லை. அம்மா கேரியர், அதாவது நோய்க்கான மரபணு மாற்றத்தைச் சுமப்பவர் என்றால் நீங்களும் கேரியராக இருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. கேரியர் பெண்களுக்கு இதயத் தசை பாதிக்கப்படலாம் என்பதால் இது உங்கள் உடல்நலத்துக்காகவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் சில கருமுட்டைகளில் மட்டும் அந்த மாற்றம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் 'அடுத்த பிள்ளைக்கு ஆபத்தே இல்லை' என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. எக்ஸ் வழி நோய்கள் என்ற பாடம் வந்தாலே உதாரணத்துக்கு டூஷென்தான் வரும். அன்றைக்கு வகுப்பில் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து முதல்முறையாக உங்கள் கணக்கை நீங்கள் போடக்கூடாது. டெஸ்ட் எடுப்பதும் எடுக்காததும் உங்கள் முடிவு. ஆனால் சேருவதற்கு முன் நீங்களே ஒரு கவுன்சலரிடம் போய்ப் பேசிவிடுங்கள்.

இரண்டாம்_வருடம்:
பேச்சு வராதது பெரிய தடை இல்லை. நான் சேரும்போது எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும் என்ற பரபரப்பில் இருந்தேன், முதல் ஆறு மாதம் வாயை மூடத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

குடும்ப வரைபடம் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு, இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு, இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ஒரு அம்மா "எனக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றார், வரைந்தேன். பேனாவை எடுக்காமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து "நடுவுல ஒண்ணு நிக்கல" என்றார். கலைந்த கருவுக்குச் சின்ன முக்கோணம் போட வேண்டும். அதைப் போடும்போது அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கும் உண்டு, ஆனால் மனப்பாடம் உதவாது. டூஷென் போல எக்ஸ் வழி வராமல், அம்மா அப்பா இருவரிடமிருந்தும் மாற்றம் வந்தால்தான் வருகிற ஒரு நோயை எடுத்துக்கொள்ளுங்கள்: பெற்றோர் இருவரும் கேரியர், ஒரு பிள்ளைக்கு நோய், ஆரோக்கியமாக இருக்கும் அக்கா கேரியராக இருக்க வாய்ப்பு எவ்வளவு? பாதி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நோய் உள்ள வாய்ப்பை அவளுக்கு நீக்கிவிட வேண்டும், மீதி மூன்றில் இரண்டு கேரியர், ஆகவே மூன்றில் இரண்டு. இதைப் பயந்துபோய் இருக்கிற ஒருவருக்குப் புரியும்படி சொல்லிப் பழகுவதுதான் கஷ்டம். படிப்பு பெரும்பாலும் இரண்டு வருடம். சேருவதற்கு முன் துயரத்தில் இருப்பவர்களுக்கான உதவி எண் எதிலாவது தன்னார்வலராக இருங்கள், முடிந்தால் ஒரு கவுன்சலருடன் சில நாள் உட்கார்ந்து பாருங்கள்.

தாய்_ஒருத்தி:
நான் படித்தவள் இல்லை, கவுன்சலிங்குக்குப் போனவள். எங்களிடம் பேசியவர் "பொதுவாக இதில் யார்மேலும் தப்பில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார். சொன்னது சரிதான். ஆனால் நான் பத்து வருடமாக அந்த மாதம் சாப்பிட்ட மாத்திரையை நினைத்துக்கொண்டிருந்தேன், அதை அவர் கேட்கவே இல்லை. என்ன காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நீ கண்டிப்பாகப் படிக்க வேண்டும் கண்ணு.

மழைக்குருவி:
வேப்பநிழல், உண்மையில் அம்மாவின் ரிப்போர்ட்டை நான் இதுவரை வாங்கிப் பார்த்ததில்லை. கேரியர் என்று அப்பா சொன்னதோடு சரி. இந்த வாரம் அதே கவுன்சலரிடம் எனக்காக நேரம் கேட்கிறேன். தாய்_ஒருத்தி அம்மா, நீங்கள் சொன்ன கேள்வியை என் நோட்டில் எழுதி வைத்துவிட்டேன்.