ஆம்புலன்ஸில் குழந்தை ஏறினால்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

மருத்துவ உதவியாளர், தருமபுரி மாவட்டம்:
காய்ச்சலோடு வலிப்பு வந்த ஒன்றரை வயதுக் குழந்தை. நாங்கள் போனபோது பாட்டி அதன் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தார். அவரோடு வாதாட நேரம் ஏது? ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, ஆக்சிஜன் கொடுத்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். சரியாகவே இருந்தது, வலிப்புதான் நிற்கவில்லை. போனில் மருத்துவர், வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மருந்தை மூக்கு வழியாகக் கொடுக்கச் சொன்னார், கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். எடைக்கு எங்கே போவது? வயதோடு 4 கூட்டி 2 ஆல் பெருக்கும் கணக்குப்படி 11 கிலோ. பார்த்தால் அப்படித் தெரியவில்லை. "அங்கன்வாடியில் கடைசியாக எடை போட்டார்களே, எவ்வளவு அக்கா?" என்று குழந்தையின் அம்மாவிடம் கேட்டேன். "எட்டரை" என்றார் அழுதபடியே. பெரியவர்களிடம் இரண்டரை கிலோவை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இங்கே மருந்து கால் பங்குக்கும் மேல் கூடியிருக்கும்.

குழந்தைகள் அவசரப் பிரிவுச் செவிலியர், பயிற்சியும் தருகிறேன்:
அங்கன்வாடி எடையைக் கேட்டீர்களே, இனி என் வகுப்பிலும் சொல்வேன். நான் மல்லுக்கட்டுவது தலையோடு. கைக்குழந்தைக்குப் பின்மண்டை பெரியது. சமமாகப் படுக்கவைத்தாலே கழுத்து மடங்கி மூச்சுப்பாதை அடைபடும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் தலையை மிகவும் பின்னால் சாய்த்தாலும் அதே கதிதான். தோளுக்கடியில் மடித்த துண்டு ஒன்று போதும். மூச்சு கொடுக்கும் முகமூடி மூக்குத்தண்டிலிருந்து தாடைவரை பொருந்த வேண்டும், கண்ணில் அழுத்தக் கூடாது. நெஞ்சு உயரும் அளவுக்கு மட்டும் முகமூடியோடு இணைந்த காற்றுப்பையை அழுத்துங்கள்; பதற்றத்தில் ஓங்கி அழுத்தினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும். குழந்தைகளுக்கு இதயம் நிற்பது பெரும்பாலும் மூச்சு தவறிய பிறகுதான். அதனால்தான் உதவிக்கு இரண்டு பேர் இருந்தால், பெரியவர்களுக்கான கணக்கை மாற்றி, 15 நெஞ்சு அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று சொல்லித்தருகிறோம்.

பைலட் (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்), மலைப்பாதை வண்டி:
குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவேன் என்று அம்மாக்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். கொண்டை ஊசி வளைவில் பிரேக் அடித்தால் எந்தக் கையும் தாங்காது. ஸ்ட்ரெச்சரில் வார் போட்டு, அம்மாவைக் குழந்தைக்கு முகம் தெரியும்படி பெல்ட்டோடு உட்காரவைத்து, அதன் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். அழுகை பாதி அடங்கிவிடும். வீறிட்டு அழும் குழந்தையால் எனக்குப் பயமில்லை, துவண்டுபோய்ச் சத்தமே போடாததுதான் வயிற்றைக் கலக்கும். செவிலியர் மேடம், ஒரு வேண்டுகோள்: அடுத்த பயிற்சியில் அந்தப் பயிற்சிப் பொம்மையை மேஜையில் கிடத்தாதீர்கள், வண்டியில் ஏற்றுங்கள். நான் ஓட்டுகிறேன்.