வாழைத்தார் எடை: சராசரியும் முகடும் ஏன் விலகி நிற்கின்றன?

களக்காட்டு மாணவி:
அனைவருக்கும் வணக்கம். நான் பத்தாம் வகுப்பில் படிக்கிறேன். ஏத்தன் என்ற வாழை வகையின் 40 தார்களின் எடையைப் பிரிவுகளாக்கி ஒரு பயிற்சிக் கணக்கு கொடுத்திருக்கிறார்கள். 5–10 கிலோவில் 4 தார்கள், 10–15 இல் 16, 15–20 இல் 10, 20–25 இல் 6, 25–30 இல் 4. எனக்குக் கூட்டுச் சராசரி 16.25 கிலோவும், முகடு, அதாவது தார்கள் மிக அதிகமாகக் குவியும் எடை, 13.33 கிலோவும் கிடைத்தன. ஒரே தரவுக்கு இவ்வளவு வேறுபாடு வரலாமா? இவற்றில் எதை நம்புவது?

பாளையங்கோட்டைக் கணித ஆசிரியர்:
அன்பு மகளே, இரண்டு விடைகளும் சரி. 17.5 ஐ ஊகச் சராசரியாக, அதாவது கணக்கை எளிதாக்க முதலில் ஊகித்துக்கொள்ளும் சராசரியாகக் கொண்டு, ஒவ்வொரு தாரின் பிரிவு மையமும் அதிலிருந்து எத்தனை பிரிவு விலகியுள்ளது என்று கூட்டினால் −10 ஆகும். அதை 40 ஆல் வகுத்து, பிரிவின் அகலமான 5 ஆல் பெருக்கினால் −1.25 கிடைக்கும். எனவே சராசரி 16.25 தான்.

முகட்டைச் சூத்திரமாக மட்டும் மனப்பாடம் செய்யாமல், அது என்ன செய்கிறது என்று பார். முகட்டுப் பிரிவான 10–15 இன் நிகழ்வெண், அதாவது அதிலுள்ள தார்களின் எண்ணிக்கை, 16; அது முந்தைய பிரிவைவிட 12 கூடுதல், அடுத்த பிரிவைவிட 6 கூடுதல். பிரிவின் அகலமான 5 ஐ இந்த 12 க்கு 6 என்ற விகிதத்தில் பிரித்தால், கீழ் எல்லையிலிருந்து 3.33 தொலைவில் முகடு அமைகிறது. அதிகத் தார்கள் உள்ள பக்கத்து வீட்டை நோக்கி அது சாய்ந்து நிற்கிறது என்று கொள்ளலாம். நிகழ்வெண் 16 ஐயே முகடு என்று எழுதும் பிழையைத் தேர்வுத்தாள்களில் அடிக்கடி காண்கிறேன். அது தார்களின் எண்ணிக்கையே தவிர, எடை அன்று.

வேறுபாட்டுக்குக் காரணம், 20 கிலோவுக்கு மேற்பட்ட அந்த 10 தார்கள். அவை சராசரியை மேலே இழுக்கின்றன. முகட்டை அவை தொடுவதே இல்லை. எடை வரிசையில் தார்களைச் சரிபாதியாகப் பிரிக்கும் இடைநிலை அளவையும் கண்டுபிடித்துப் பார். சரியாக 15 வரும், இரண்டுக்கும் நடுவே. மூன்று மடங்கு இடைநிலை அளவிலிருந்து இரு மடங்கு சராசரியைக் கழித்தால் முகடு வரும் என்ற, புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனின் தொடர்பு இங்கே 12.5 தருகிறது. அது தோராயமான உறவு என்பதால் 13.33 உடன் பொருந்தவில்லையே என்று கலங்க வேண்டாம்.

வள்ளியூர் வாழை வியாபாரி:
எங்கள் தொழிலில் இரண்டும் வேண்டும், அம்மா. வண்டியில் ஏறும் மொத்தச் சுமையை அறியச் சராசரியைத்தான் தார்களின் எண்ணிக்கையோடு பெருக்க வேண்டும். 40 தாருக்கு 650 கிலோ. முகட்டைப் பெருக்கினால் 533 தான் வரும், சுமைக்கூலியே தவறிவிடும். ஆனால் கடைக்காரர் ஒருவர், பெரும்பாலும் எந்த அளவுத் தார் வரும் என்று கேட்டால், 13 கிலோவை ஒட்டி என்பதே நேர்மையான பதில்.

பேட்டை புள்ளியியல் மாணவர்:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், தங்கச்சி. இதே தரவை 0–10, 10–20, 20–30 என்று தொகுத்தால் நிகழ்வெண்கள் 4, 26, 10 ஆகும். அப்போது சராசரி 16.5, சிறிதளவே நகர்கிறது. முகடோ 15.79 க்குத் தாவிவிடுகிறது. ஆகவே முகட்டைச் சொல்லும்போது எந்தப் பிரிவு அகலத்தில் கண்டாய் என்பதையும் சேர்த்து எழுது. மாறாக, கடைசிப் பிரிவு "25 க்கு மேல்" என்று மட்டும் இருந்தால் அதற்கு மைய மதிப்பு கிடையாது; சராசரி தடுமாறும், முகடு அப்படியே நிற்கும்.