புதுப்பிப்பு: உக்ரைனிலிருந்து வந்த அக்காவுக்கு வங்கிக் கணக்கு கிடைத்துவிட்டது

போரால் கார்கிவை விட்டு வந்து, ஜேர்மனியில் எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் அக்காவுக்கும் மகனுக்கும் வங்கிக் கணக்கு திறக்க முடியவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். வதிவிட அட்டை இன்னும் வரவில்லை, தற்காலிகச் சான்று போதாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலித்தது "பாஸிஸ்கோன்டோ என்ற சொல்லையே சொல்லிக் கேளுங்கள்" என்ற யோசனைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும், அகதிகளுக்கும்கூட, இந்த அடிப்படைக் கணக்கைக் கேட்கும் உரிமை 2016 முதல் இங்கே உண்டு. வாய்ப்பேச்சை விட்டுவிட்டு அதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். 10 வேலை நாட்களுக்குள் வங்கி ஒப்பந்தம் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆறாம் நாளே சம்மதம் வந்தது. மறுத்திருந்தால் பாஃபின் என்ற நிதிக் கண்காணிப்பு அமைப்பிடம் போகலாம் என்றீர்கள். அதற்குத் தேவை வரவில்லை.

கணக்கு இலவசமில்லை, மாதக் கட்டணம் உண்டு. கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கவும் முடியாது.

எதிர்பாராத சிக்கல் ஒன்று: அட்டை வந்தது, இரகசிய எண் வந்த கடிதம் திரும்பிப் போய்விட்டது. தபால்பெட்டியில் என் பெயர் மட்டும்தான் இருந்தது! அட்டையை எப்படிப் போட்டார்களோ தெரியாது. அக்காவின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படியே ஒட்டிய பிறகு இரண்டாவது கடிதம் வந்து சேர்ந்தது. ஆட்களை வீட்டில் தங்க வைப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.