மறு: எபிரேய முதல் எழுத்தான ஆலெப்பின் ஒலிக்குத் தமிழில் பெயர்

> ஆலெப் நம் 'அ'தானே, இதற்கு ஏன் இத்தனை பாடு? வேண்டுமானால் 'குரல்வளை வெடிப்பொலி' என்று வைத்துவிடலாம்.

ஐயா, வணக்கம்.

'அ' இல்லை. ஆதாம், எமெத் (உண்மை), ஈஷ் (ஆண்), ஓர் (ஒளி): எபிரேயத்தில் இந்த நான்கு சொல்லும் ஆலெப்பில்தான் தொடங்குகின்றன. தமிழில் எழுத ஆ, எ, ஈ, ஓ என்று நான்கு எழுத்து வேண்டியிருக்கிறது. ஆக, ஆலெப் உயிர் அல்ல. உயிர் வருமுன் தொண்டை ஒரு கணம் மூடித் திறப்பதைக் காட்டும் மெய். பினீசியரிடமிருந்து எழுத்துகளை வாங்கிய கிரேக்கர்களுக்கு இந்த மெய் தேவைப்படவில்லை, ஆல்ஃபா என்று உயிராக்கிக்கொண்டார்கள். 'அ'தானே என்று நமக்குத் தோன்றுவதும் அந்த வழியில் வந்ததுதான்.

ஒலி நமக்குப் புதிதல்ல. அடுப்பருகே போகும் குழந்தையிடம் "அ-அ! தொடாதே" என்கிறோமே, அந்த இரண்டு அகரத்துக்கும் நடுவே குரல் வெட்டுப்படும் இடம்தான். அங்கே எதுவும் வெடிப்பதாகக் காதில் விழுவதில்லை, அடைபடுவதுதான் தெரிகிறது. எனவே 'வெடிப்பொலி' வேண்டாம். வெறுமனே 'குரல்வளை அடைப்பு' என்றாலோ மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள்! தொல்காப்பியப் பிறப்பியல், பன்னிரண்டு உயிரும் 'மிடற்றுப் பிறந்த வளியின்' இசைக்கும் என்கிறது. தொண்டையைக் குறிக்கும் மிடறு என்ற சொல் கையில் இருக்கும்போது வேறு எதற்கு? என் பரிந்துரை: மிடற்றடைப்பொலி.

'மௌன எழுத்து' என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், மறுக்கவில்லை. இன்றைய பேச்சில் ஆலெப் பெரும்பாலும் ஒலிப்பதே இல்லை. ஆனால் எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் நிற்கும்; ஆலெப்பின் மதிப்பு 1, கடவுளின் ஒருமைக்குக் குறியீடு. யூதர்களின் கோலெம் கதையில், மந்திரத்தால் உயிர்பெற்ற களிமண் உருவத்தின் நெற்றியில் 'எமெத்' என்று எழுதியிருக்கும்; முதலில் நிற்கும் ஆலெப்பை அழித்தால் மிஞ்சுவது 'மெத்', செத்தவன். சத்தமே இல்லாத எழுத்துதான் அந்தப் பொம்மையின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. கட்டுரைத் தலைப்புக்கு 'மௌன எழுத்து' பிரமாதம். கலைச்சொல்லாக நிற்காது, ஏனென்றால் அயின் என்ற இன்னொரு எபிரேய எழுத்தும் இன்று பலர் வாயில் மௌனம்தான்.

---

> என் பரிந்துரை: மிடற்றடைப்பொலி.

எனக்குச் சம்மதம். சொல் கொஞ்சம் நீளம், பரவாயில்லை.

அயினுக்கும் இப்போதே பெயர் வைத்துவிடுவோம். 'கண்' என்று பொருள்படும் எழுத்து, மதிப்பு 70. இஸ்ரேலில் பெரும்பாலோர் அதை ஆலெப் போலவே சொல்கிறார்கள். ஏமன் யூதர் போன்ற சிலரின் மரபில் தொண்டையின் ஆழத்தில் நெரித்து ஒலிப்பது இன்னும் கேட்கிறது. அங்கே முழு அடைப்பு கிடையாது, காற்று குறுகிய வழியில் நெருக்கிக்கொண்டு வருகிறது. 'தொண்டை உரசொலி' சரிப்படுமா? மிடறும் தொண்டையும் ஒன்றுதானே என்று யாராவது கேட்பார்கள். அகராதியில் ஒன்றுதான். ஒலியியலுக்காக மிடறு கீழே குரல்வளைக்கும், தொண்டை அதற்கு மேலே உள்ள குழாய்க்கும் என்று நாமே பிரித்து, நம் கலைச்சொல் பட்டியலின் தொடக்கத்தில் ஒரு வரி எழுதிவிடலாம்.